கந்தோர் மின்னஞ்சலைக் கோவையில் ஏற்றுவது எப்படி: புதிய உத்தியோகத்தர்களுக்கான வழிகாட்டி

மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ ஒரு பிரதேச செயலகத்துக்கோ பிரதேச சபைக்கோ வலயக் கல்வி அலுவலகத்துக்கோ முதல் நியமனம் பெற்று வருகிறவருக்கு, தபால் பதிவேடு எழுதும் முறையை முதல் கிழமையிலேயே காட்டிக் கொடுத்துவிடுவார்கள். எந்தக் கோவை எந்த அலுமாரியில், பக்க இலக்கம் எங்கே இடுவது, மினிட் எப்படி எழுதுவது எல்லாம் பிரதம எழுதுநரிடமிருந்து வந்துவிடும். மின்னஞ்சலுக்கு மட்டும் ஒரு துண்டுக் கடதாசியில் கடவுச்சொல் எழுதித் தரப்படும். அதற்குப் பிறகு வருகிற அஞ்சல்கள் இன்பொக்ஸில் ஆயிரக்கணக்கில் குவியும். அந்த உத்தியோகத்தர் இடமாற்றம் பெற்றுப் போனதும் அவற்றை யாராலும் தேடி எடுக்க முடியாது.

இன்பொக்ஸ் அஞ்சல் வந்து இறங்கும் இடம் மாத்திரமே. கந்தோரின் முடிவைத் தாங்கிய அஞ்சல் அங்கிருந்து வெளியே எடுக்கப்பட்டு, பதிவேட்டில் ஏறி, ஒரு கோவை இலக்கத்தோடு சேர்ந்த பிறகுதான் அது பத்திரமாகிறது. இதைச் செய்யத் தனி மென்பொருளோ பெரிய செலவோ வேண்டியதில்லை. ஒரு கணினி, இரண்டு வெளி ஹார்ட் டிஸ்க், ஒரு பதிவேடு, நாளுக்கு அரை மணித்தியாலம் போதும்.

சட்டம் கேட்பது என்ன

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், ‘தகவல்’ என்பதற்குத் தரும் வரைவிலக்கணத்தில் மின்னஞ்சலைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. அந்தச் சட்டம் 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. அன்று ஏற்கெனவே இருந்த பதிவேடுகளைக் குறைந்தது 10 வருடங்களும், அதன் பின்னர் உருவானவற்றை உருவான நாளிலிருந்து குறைந்தது 12 வருடங்களும் வைத்திருக்க வேண்டும் என்று 7ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே, இன்று வருகிற ஓர் அஞ்சலை இன்னும் பன்னிரண்டு வருடம் கழித்து, நீங்கள் எந்த ஊரில் வேலை செய்தாலும், உங்கள் கதிரையில் அப்போது இருப்பவர் திறந்து பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல்கள் சட்டத்தின்படி, மின்வடிவில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு பத்திரத்தின் சட்டவலுவை மறுக்க முடியாது. ஆனால் அதைப் பேணுகிறவருக்கு மூன்று கடமைகள் இருக்கின்றன. பின்னர் எடுத்துப் படிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். வந்த வடிவத்திலோ, அதைச் சரியாகப் பிரதிபலிக்கிற வடிவத்திலோ இருக்க வேண்டும். எங்கிருந்து எங்கே போனது, எந்தத் திகதி, எத்தனை மணி என்ற விவரமும் கூடவே இருக்க வேண்டும். கீழே வரும் நடைமுறை முழுவதும் இந்த மூன்றையும் நிறைவேற்றுவதற்காகத்தான். அச்செடுத்த கடதாசி முதலாவதை மட்டுந்தான் நிறைவேற்றும். கைத்தொலைபேசி ஸ்கிரீன்ஷொட் அதைக்கூட அரைகுறையாகத்தான் செய்யும்.

எதை எடுப்பது, எதை விடுவது

வருகிற எல்லாவற்றையும் சேமிக்க முனைகிறவர் இரண்டாவது மாதத்தில் வேலையைக் கைவிட்டுவிடுவார். ஓர் அஞ்சலைத் திறந்ததும் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்: நாளைக்கு ஒரு கணக்காய்வு வினா வந்தால், ஒரு பொதுமகன் விண்ணப்பித்தால், ஒரு வழக்கு வந்தால், இந்த அஞ்சல் இல்லாமல் கந்தோரால் பதில் சொல்ல முடியுமா? முடியாது என்றால் அது பத்திரம்.

அனுமதி, அறிவுறுத்தல், விலைமனு, மதிப்பீடு, கொடுப்பனவுக்கு ஆதாரமான எதுவும், பொதுமக்களின் முறைப்பாடும் அதற்குப் போன பதிலும், காணி தொடர்பான எதுவும், நியமனம், லீவு, ஒழுக்காற்று விடயங்கள், கூட்ட அறிக்கை, வெள்ளம் வந்தால் கிராம உத்தியோகத்தர்கள் அனுப்புகிற பாதிப்பு விவரம் எல்லாம் எடுக்க வேண்டியவை. செய்திமடல், விளம்பரம், ‘கூட்டம் பின்னேரம் 2 மணிக்கு மாற்றப்பட்டது’ போன்ற ஒருநாள் அறிவித்தல், உங்கள் கந்தோருக்கு நடவடிக்கை ஏதும் இல்லாமல் தகவலுக்காக மட்டும் வந்த பிரதி ஆகியவற்றை விடலாம். சுற்றுநிருபம் வந்தால் சுற்றுநிருபக் கோவைக்கு ஒரு பிரதி போதும். அதே சுற்றுநிருபம் நான்கு இடத்திலிருந்து வரும், நான்கையும் சேமிக்க வேண்டாம்.

கந்தோருக்குள் ஒருவருக்கொருவர் அனுப்புகிற அஞ்சலை அனுப்பியவரின் பிரிவு எடுக்கட்டும். வெளியிலிருந்து வருவதைப் பெற்றவரின் பிரிவு எடுக்கட்டும். இந்த ஒழுங்கை முதலிலேயே பேசி வைக்காவிட்டால் ஒரு விடயத்துக்கு ஐந்து பிரதி இருக்கும், இன்னொன்றுக்கு ஒன்றுமே இருக்காது. மற்றவர் எடுத்திருப்பார் என்று எல்லோரும் நினைப்பதால் வருவது இது.

ஐயமாக இருந்தால் எடுங்கள். கூடுதலாக எடுத்த ஓர் அஞ்சலால் நட்டமில்லை.

கணக்கு யாருடையது

முதலில் சரி செய்ய வேண்டியது இது. அரச முகவரி கொடுக்கப்பட்டிருந்தால் அதையே பாவியுங்கள், சொந்த ஜிமெயிலிலிருந்து கந்தோர் விடயத்தை அனுப்ப வேண்டாம். முகவரி ஆளின் பெயரில் அல்லாமல் பதவியின் பெயரில் இருக்க வேண்டும். கணக்காளர் மாறினாலும் கணக்காளரின் முகவரி மாறக்கூடாது.

உப அலுவலகங்கள், பாடசாலைகள், கூட்டுறவுச் சங்கங்கள் பலவற்றில் இலவச ஜிமெயில்தான் இருக்கிறது. அங்கே வழமையாக நடக்கிற பிரச்சினை மீட்பு இலக்கம். கணக்கைத் திறந்தவர் தன் சொந்தக் கைத்தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்திருப்பார். அவர் கல்முனையிலிருந்து பொத்துவிலுக்கு மாறிப் போவார். புதியவர் வேறு கணினியில் திறக்கப் பார்க்கும்போது இரகசிய இலக்கம் பழையவரின் தொலைபேசிக்குப் போகும். அவர் சிம்மை மாற்றியிருந்தால் கணக்கு கைவிட்டுப் போனதுதான். கந்தோர்க் கைத்தொலைபேசி இருந்தால் அந்த இலக்கத்தையும், பொறுப்பதிகாரியின் பதவி முகவரியையும் மீட்புக்குக் கொடுங்கள். இருபடிச் சரிபார்ப்பை (கடவுச்சொல்லோடு இரண்டாவது சான்றாக ஓர் இரகசிய இலக்கத்தையும் கேட்கும் முறை) இயக்கியதும் கூகுள் 8 இலக்கம் கொண்ட 10 காப்புக் குறியீடுகளைத் தரும். அவற்றை அச்செடுத்து, உறையிலிட்டு ஒட்டி, பொறுப்பதிகாரியின் ஒப்பத்தோடு இரும்புப் பெட்டகத்தில் வையுங்கள். ஒரு குறியீட்டை ஒரு தடவைதான் பாவிக்கலாம்.

இன்னும் இரண்டு எச்சரிக்கை. இலவசக் கணக்கின் 15 ஜிகாபைட் நிரம்பியதும் புதிய அஞ்சல் வராது, அனுப்பியவருக்குத் திரும்பிப் போய்விடும். இரண்டு வருடம் யாரும் திறக்காத கணக்கைக் கூகுள் அழித்துவிடலாம். மூடப்பட்ட ஒரு செயற்திட்டத்தின் முகவரி இப்படித்தான் காணாமற் போகிறது.

அவுட்லுக், தண்டர்பேர்ட் போன்ற அஞ்சல் மென்பொருளில் கணக்கை இணைத்திருந்தால், அது பொப் முறையா ஐமெப் முறையா என்று பாருங்கள். பொப் முறையில், சேவையகத்தில் பிரதி வைக்கும் தெரிவு இல்லாவிட்டால், அஞ்சலெல்லாம் அந்த ஒரு கணினிக்கு இறங்கிவிடும், அப்பால் ஒன்றும் மிஞ்சாது. அந்தக் கணினியின் ஹார்ட் டிஸ்க் பழுதானால் எல்லாம் போய்விடும். ஐமெப்புக்கு மாற்றிவிடுங்கள், அதில் அஞ்சல் சேவையகத்திலேயே இருக்கும்.

பதிவேடு

காலை 9 மணிக்கு ஒரு தடவை, பின்னேரம் 2 மணிக்கு ஒரு தடவை அஞ்சலைத் திறந்தால் போதும். கடதாசித் தபாலுக்கு உள்ள அதே ஒழுங்கு இதற்கும் வேண்டும். எக்செலில் வைத்தாலும் பரவாயில்லை, ஆனால் மாதக் கடைசியில் அச்செடுத்துப் பொறுப்பதிகாரியின் ஒப்பம் வாங்குங்கள். எக்செலில் யாரும் எந்த வரியையும் மாற்றலாம், ஒப்பமிட்ட கடதாசியில் அது முடியாது.

ஒரு வரி இப்படி இருக்கட்டும். தொடர் இலக்கம் 0412. திகதி 2025.11.18. நேரம் 10.42. அனுப்பியவர் வீதி அபிவிருத்தித் திணைக்களம். பொருள் மதகு திருத்த மதிப்பீடு. இணைப்பு 2. கோவை இலக்கம். யாரிடம் கையளிக்கப்பட்டது. கணினிக் கோப்பின் பெயர். கடைசி நிரலில் நடவடிக்கை முடிந்த திகதி. ‘இணைப்பு 2’ என்பதை எழுதப் பஞ்சிப்படாதீர்கள். பின்னர் ஓர் இணைப்பு மட்டும் இருந்தால் ஒன்று தவறியிருக்கிறது என்று சொல்லப் போவது அந்த இலக்கந்தான்.

தொடர் இலக்கம் ஜனவரி 1இல் 0001 என்று தொடங்கி டிசம்பர் 31இல் முடியட்டும். வருவதற்கும் போவதற்கும் ஒரே தொடர் போதும்.

அஞ்சலைச் சேமிக்கிற முறை

ஜிமெயிலில் ‘ஆர்க்கைவ்’ என்றொரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் அஞ்சல் இன்பொக்ஸ் பட்டியலிலிருந்து மறையும், அவ்வளவுதான். அது அதே கணக்குக்குள், அதே சேவையகத்தில்தான் கிடக்கிறது. கணக்குப் போனால் அதுவும் போகும். இதைச் சேமிப்பு என்று நம்பி இருக்கிற கந்தோர்கள் நிறைய.

சரியான வழி, ஒவ்வோர் அஞ்சலையும் ஈ.எம்.எல். வகைக் கோப்பாக வெளியே எடுப்பது. அது வெறும் எழுத்துக் கோப்பு. அஞ்சலின் உடல், தலைப்பு விவரம் (யார், எப்போது அனுப்பினார், எந்தச் சேவையகங்களூடாக வந்தது என்ற பதிவு), இணைப்புகள் எல்லாம் அதற்குள் ஒன்றாக இருக்கும். எந்த நிறுவனத்தின் மென்பொருளிலும் திறக்கலாம், இருபது வருடம் கழித்தும் திறக்கலாம்.

ஜிமெயிலில்: கைத்தொலைபேசியை விட்டுக் கணினியில் திறவுங்கள். அஞ்சலின் வலது மேல் மூலையில், பதில் அம்புக்குப் பக்கத்தில் உள்ள மூன்று புள்ளியை அழுத்துங்கள். ‘டவுன்லோட் மெசேஜ்’ என்பதைத் தெரியுங்கள். இதில் வழமையான தவறு ஒன்று உண்டு. ஜிமெயில் ஓர் உரையாடலை அடுக்காகக் காட்டும். ஆறு அஞ்சல் இருந்தால், நீங்கள் மூன்று புள்ளியை அழுத்திய ஓர் அஞ்சல் மட்டுந்தான் இறங்கும். ஆறையும் தனித்தனியாக இறக்க வேண்டும்.

தண்டர்பேர்ட்டில் அஞ்சலைத் தெரிந்துகொண்டு கொன்ட்ரோல் விசையோடு எஸ் அழுத்தினால் ஈ.எம்.எல். ஆகவே சேமிக்கும். பழைய அவுட்லுக் எம்.எஸ்.ஜி. வகையில் சேமிக்கும். அது அவுட்லுக் இல்லாத கணினியில் திறப்பது கஷ்டம், ஆனாலும் ஒன்றும் இல்லாததை விட மேல். அவுட்லுக்கின் பி.எஸ்.டி. கோப்பில் வருடக்கணக்கான அஞ்சலை ஒன்றாகப் போட்டு வைக்க வேண்டாம். அந்த ஒரு கோப்பு பழுதானால் உள்ளே இருக்கிற அத்தனைக்கும் ஆபத்து. வலையமைப்புப் பகிர்வில் வைத்துத் திறந்தால் இன்னும் கெதியாகப் பழுதாகும்.

ஏற்கெனவே ஐந்தாறு வருட அஞ்சல் கிடக்கிற ஜிமெயில் கணக்கு கைக்கு வந்தால், முதலில் கூகுள் டேக்அவுட் (கணக்கிலுள்ளதை மொத்தமாக இறக்கித் தரும் கூகுளின் வசதி) மூலம் முழுவதையும் ஒரே தடவை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பல அஞ்சல்கள் ஒரே கோப்பாக, எம்பொக்ஸ் வடிவில் வரும், தண்டர்பேர்ட்டில் அதற்கான துணைநிரலைச் சேர்த்தால் திறக்கலாம். இறக்கும் இணைப்பு ஒரு கிழமையில் காலாவதியாகும், வந்த அன்றே இறக்குங்கள். இது அவசரத்துக்கான பாதுகாப்பு மாத்திரம். கோவை ஒழுங்கில் பிரிக்கிற வேலையைப் பிறகு ஆறுதலாகச் செய்யலாம்.

ஒருவருக்கு வந்த அஞ்சலை அவர் கந்தோர் முகவரிக்கு ‘ஃபோர்வர்ட்’ செய்தால், சேமிப்பது அவருடைய அஞ்சலாகிவிடும். முதலில் அனுப்பியவரின் தலைப்பு விவரம் அதில் இராது. வேறு வழி இல்லாவிட்டால் ‘இணைப்பாக ஃபோர்வர்ட்’ என்ற தெரிவைப் பாவிக்கச் சொல்லுங்கள். அப்போது மூல அஞ்சல் சிதையாமல் உள்ளே வரும்.

தலைப்பு விவரம் ஏன் முக்கியம்

விலைமனு பின்னேரம் 2 மணிக்கு மூடப்படுகிறது என்று வையுங்கள். ஒரு கொந்தராத்துக்காரர் தான் 1.50க்கே அனுப்பியதாகச் சொல்கிறார். அவருடைய அஞ்சலில் ‘திகதி’ வரியும் 1.50 என்றுதான் காட்டுகிறது. ஆனால் அந்த வரி அனுப்பியவரின் கணினிக் கடிகாரம் சொன்னது, அதை யாரும் மாற்றி வைக்கலாம். ஜிமெயிலில் மூன்று புள்ளிக்குள் ‘ஷோ ஒரிஜினல்’ திறந்தால், ‘ரிசீவ்ட்’ என்று தொடங்கும் பல வரிகள் மேலிருந்து கீழாக இருக்கும். கீழே இருப்பது பயணத்தின் தொடக்கம், மேலே இருப்பது உங்கள் சேவையகம் பெற்றுக்கொண்ட நேரம். மேல் வரியில் 08:40 என்றும் பக்கத்தில் +0000 என்றும் இருந்தால் அது உலகப் பொது நேரம். இலங்கை நேரத்துக்கு 5 மணி 30 நிமிடம் கூட்டுங்கள். 14:10 வரும். மனு பத்து நிமிடம் பிந்தியிருக்கிறது.

அச்செடுத்த பிரதியில் இந்த வரிகள் வருவதில்லை. ஈ.எம்.எல். கோப்பில் எல்லாம் இருக்கும். விலைமனு, காணி, ஒழுக்காற்று விடயங்களில் இன்னொரு காப்பும் செய்யுங்கள்: 7-ஸிப் நிறுவிய கணினியில் கோப்பின் மேல் வலது கிளிக் செய்து ஷா-256 பெறுமதியை (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணினி கணிக்கும், கைரேகை போன்ற ஒரு நீளத் தொடர்) எடுத்து, பதிவேட்டில் அந்த வரிக்கு எதிரே ஒட்டி வையுங்கள். கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் அந்தப் பெறுமதி மாறிவிடும். மூன்று வருடம் கழித்து ‘இதை யாரோ திருத்தியிருக்கிறார்கள்’ என்று வாதம் வந்தால் மறுபடி எடுத்து ஒப்பிட்டுக் காட்டலாம்.

இணைப்புகளும் சுட்டிகளும்

உண்மையான இணைப்பு ஈ.எம்.எல். கோப்புக்குள் வந்துவிடும். ஆனால் 25 மெகாபைட்டுக்கு மேற்பட்டதை ஜிமெயில் இணைப்பாக அனுப்பாது, கூகுள் டிரைவ் சுட்டியாக மாற்றிவிடும். வரைபடம், புகைப்படத் தொகுதி, ஸ்கேன் செய்த முழுக் கோவை எல்லாம் இப்படித்தான் வரும். அஞ்சலைச் சேமித்தாலும் உள்ளே இருப்பது சுட்டி மட்டுமே. அனுப்பியவர் தன் டிரைவைச் சுத்தம் செய்கிற அன்று பத்திரம் இல்லாமற் போகும். சுட்டி வந்தால் அன்றே கோப்பை இறக்கி, அஞ்சலின் அதே இலக்கத்தோடு பக்கத்தில் வையுங்கள்.

கடவுச்சொல் இட்ட பீடிஎஃப் வந்தால் பூட்டுத் திறந்த பிரதி ஒன்றை அனுப்பியவரிடம் கேட்டு வாங்குங்கள். தரமாட்டாரென்றால் கடவுச்சொல்லைப் பதிவேட்டுக்குள் எழுதாமல் பெட்டகத்திலுள்ள உறையில் எழுதி வையுங்கள். ஒவ்வோர் இணைப்பையும் ஒரு தடவை திறந்து பாருங்கள். திறக்காத கோப்பு, தலைகீழான ஸ்கேன், மூன்றாம் பக்கம் இல்லாத கடிதம் எல்லாம் அன்றே கேட்டால் கிடைக்கும், ஆறு மாதம் கழித்துக் கிடைக்காது.

அறிவுறுத்தல் வட்ஸ்அப்பில் வந்தால், ‘இன்று காலை தொலைபேசியூடாகத் தந்த பின்வரும் அறிவுறுத்தலை உறுதிப்படுத்தவும்’ என்று ஓர் அஞ்சல் அனுப்பி, பதிலையும் சேர்த்துச் சேமியுங்கள். மேலதிகாரிக்கு இப்படி எழுதத் தயங்க வேண்டாம். அவரையும் காப்பாற்றுகிற வேலை அது.

அனுப்புகிற அஞ்சல்

வருவதைப் பதிகிற கந்தோரில்கூடப் போவது விடுபட்டுவிடும். விடய எழுதுநர் தன் கணக்கிலிருந்து பதில் அனுப்புவார், பிரதி எங்கும் இராது. ஒவ்வோர் அஞ்சலுக்கும் கந்தோரின் பொது முகவரியைப் பிரதியில் போடுவது வழக்கமாகட்டும். பொருள் வரியில் ‘எனது இல.’ என்று கோவை இலக்கம் முதலில் வரட்டும், கடிதத்தில் எழுதுவது போலவே. ஓர் அஞ்சலில் ஒரு விடயம் மட்டும் எழுதுங்கள். மதகையும் லீவையும் ஒன்றாக எழுதினால் அது எந்தக் கோவைக்குப் போகும்?

‘சேரவில்லை’ என்று திரும்பி வருகிற அறிவித்தலும் பத்திரந்தான். அனுப்பிய முயற்சிக்கு அது சாட்சி. மூல அஞ்சலோடு சேர்த்து வையுங்கள்.

பெயர் இடுவது, பாமினிச் சிக்கல்

நம் பகுதிக் கந்தோர்களில் அஞ்சல் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வரும். கோப்புக்குச் சொற்களால் பெயரிட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு மொழியில், ஒவ்வோர் எழுத்துக்கூட்டலில் இடுவார்கள். தமிழ்ப் பெயரிட்ட கோப்புகளை ஸிப் செய்து பழைய கணினியில் விரித்தால் பெயர் சிதைந்து வரும். ஆகவே இலக்கம் மட்டும் பாவியுங்கள், இலக்கம் மூன்று மொழிக்கும் பொது. மேலே சொன்ன மதகு அஞ்சலின் பெயர் 20251118-1042-1-0412. முதலில் ஆண்டு மாதம் நாள், பிறகு நேரம், பிறகு வந்ததற்கு 1 அல்லது போனதற்கு 2, கடைசியில் பதிவேட்டு இலக்கம். இப்படி இட்டால் கணினி தானாகவே கால ஒழுங்கில் அடுக்கும். சொல்லால் தேடுவதற்குப் பதிவேடு இருக்கிறது.

போல்டர் அமைப்பு இரண்டு தட்டு போதும்: ஆண்டு, அதற்குள் கோவை இலக்கம். விண்டோஸில் முழுப் பாதையும் 260 எழுத்தைத் தாண்டினால் பிரதி எடுக்கும்போது கோப்புகள் விடுபடும். போல்டருக்குள் போல்டராக ஏழு தட்டு வைத்து, ஒவ்வொன்றுக்கும் நீளப் பெயர் இட்டவர்களுக்கு இது நடக்கும்.

பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த வேர்ட் கோப்புகள் இன்னும் வந்துகொண்டிருக்கின்றன. பாமினியில் கணினிக்குள் இருப்பது ஆங்கில எழுத்து, திரையில் மட்டும் தமிழாகத் தெரியும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வாசிக்க முடியாத ஆங்கில எழுத்துக் குவியல். ‘களுவாஞ்சிக்குடி’ என்று தேடினாலும் அகப்படாது. இப்படி வந்த கோப்பை மாற்றாமல் அப்படியே வைத்துக்கொண்டு, எழுத்துரு உள்ள கணினியில் திறந்து, பீடிஎஃப்-ஏ வகையில் ஒரு பிரதி எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். அந்த வகை எழுத்துருவைத் தனக்குள்ளேயே பொதிந்து வைக்கும். நீங்கள் அனுப்புவதை யூனிகோட்டிலேயே தட்டச்சு செய்யுங்கள்.

காப்புப் பிரதி

2023 ஆகஸ்ட் இறுதியில் அரச மேகக்கணினி மீது ரான்சம்வெயர் (கோப்புகளைப் பூட்டி வைத்துப் பணம் கேட்கும் தீய மென்பொருள்) தாக்குதல் நடந்தது. அரச முகவரிகள் ஏறத்தாழ 5,000 பாதிக்கப்பட்டன, அமைச்சரவை அலுவலகமும் அவற்றுள் ஒன்று. அந்த ஆண்டு மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான அஞ்சல்களை மீட்க முடியவில்லை, அந்தக் காலத்துக்குக் காப்புப் பிரதி இருக்கவில்லை. கொழும்பிலுள்ள சேவையகத்தில் இருக்கிறதுதானே என்று விட்டுவிட முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

மூன்று பிரதி வையுங்கள்: கந்தோர்க் கணினியில் ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்க் இரண்டில் இரண்டு. வெள்ளிக்கிழமை பின்னேரம் முதலாவது டிஸ்கைச் செருகிப் பிரதி எடுத்து, உடனே கழற்றி விடுங்கள். செருகியபடி விட்டால் ரான்சம்வெயர் கணினியைப் பூட்டும்போது டிஸ்கையும் பூட்டிவிடும். இரண்டாவது டிஸ்க் வேறு இடத்தில் இருக்க வேண்டும், மாதம் ஒரு தடவை மாற்றிக்கொள்ளலாம்.

அந்த ‘வேறு இடம்’ எது என்பதில்தான் நம் மாவட்டங்களுக்கு யோசனை வேண்டும். 1978 நவம்பர் 23 சூறாவளியும் 2004 டிசம்பர் 26 சுனாமியும் இந்தக் கரை கண்டவை. மாரி வெள்ளம் வருடாவருடம் வருகிறது. காரைதீவுக் கந்தோரின் பிரதியைச் சாய்ந்தமருதுவில் வைத்தால் இரண்டும் ஒரே கரையில்தான் இருக்கின்றன. கரையோரக் கந்தோரின் இரண்டாவது டிஸ்க் உள்நாட்டில், மேல்மாடி உள்ள இன்னொரு அரச கட்டடத்தில், எழுத்து மூலமான ஒப்புதலோடு இருக்கட்டும். வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம், அதற்குள் மக்களின் அடையாள அட்டை இலக்கங்கள் இருக்கின்றன. டிஸ்கை முழுவதுமாகக் கடவுச்சொல்லால் பூட்டும் வசதி இருந்தால் இயக்குங்கள், கடவுச்சொல் பெட்டகத்து உறைக்குள் போகட்டும்.

கடற்காற்றில் உப்பும் ஈரமும் அதிகம். டிஸ்கை லாச்சியில் சும்மா போட்டு வைத்தால் செருகிகள் துருப்பிடிக்கும். இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொதியோடு, அலுமாரியின் மேல் தட்டில் வையுங்கள். பொதியை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மாற்றுங்கள். பென் டிரைவ் எடுத்துச் செல்வதற்குத்தான், வருடக்கணக்கில் வைப்பதற்கல்ல: மின்னூட்டம் இல்லாமல் கிடந்தால் தகவல் மெல்ல மெல்ல அழியும். சீடி, டீவீடியில் இந்தக் காலநிலைக்குப் பூஞ்சணம் பிடிக்கும். ஹார்ட் டிஸ்கையும் ஐந்து வருடத்தில் புதியதுக்கு மாற்றிவிடுங்கள்.

காலாண்டுக்கு ஒரு தடவை, பதிவேட்டில் கண்ணை மூடி ஐந்து இலக்கத்தைத் தொட்டு, அந்த ஐந்து கோப்பையும் டிஸ்கிலிருந்து வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். இணைப்பும் திறக்க வேண்டும். ஒன்று திறக்காவிட்டாலும் அந்த மாதம் முழுவதையும் சரிபாருங்கள்.

தகவல் விண்ணப்பம் வந்தால்

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒருவர் விண்ணப்பித்தால், அதற்குப் பொறுப்பான தகவல் அலுவலர் 14 வேலை நாளுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். அந்த விண்ணப்பத்துக்கு உட்பட்ட எதையும், விண்ணப்பமோ மேன்முறையீடோ முடிகிறவரை அழிக்கக் கூடாது, 12 வருடம் கடந்திருந்தாலுங்கூட. வேண்டுமென்று அழிப்பதும் மறைப்பதும் குற்றம்: 50,000 ரூபாவுக்கு மேற்படாத தண்டம், அல்லது இரண்டு வருடத்துக்கு மேற்படாத சிறை, அல்லது இரண்டும். ஆகவே விண்ணப்பம் வந்த அன்றே உரிய போல்டரை வாசிப்புக்கு மட்டும் என்று பூட்டி, பதிவேட்டில் அந்த வரிகளுக்கு எதிரே விண்ணப்பத் திகதியைச் சிவப்பில் எழுதுங்கள். வெளியே கொடுக்கும் பிரதியில் மூன்றாம் ஆட்களின் அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கு, நோய் விவரம் போன்றவற்றை மறைப்பது தகவல் அலுவலரின் தீர்மானம். மறைப்பது பிரதியில்தான், மூலக் கோப்பைத் தொடக்கூடாது. பீடிஎஃப் மேல் கறுப்புப் பெட்டி வரைந்தால் போதாது, கீழே உள்ள எழுத்தைக் கொப்பி செய்து எடுக்கலாம். அச்செடுத்து, மையால் அடித்து, மறுபடி ஸ்கேன் செய்யுங்கள்.

இடமாற்றமும் அழிப்பும்

வருடாந்த இடமாற்றம் வழமையாக ஜனவரியில் வரும். டிசம்பர் நடுப்பகுதியிலேயே கையளிப்பைத் தொடங்குங்கள். கையளிப்புப் பட்டியலில் இவை இருக்க வேண்டும்: முகவரிகளும் அவற்றின் மீட்பு இலக்கங்களும், பெட்டகத்து உறைகள், டிஸ்க் இரண்டும் அவை இருக்கும் இடமும், பதிவேட்டின் கடைசி இலக்கம், நடவடிக்கை முடியாத வரிகள். புதியவரை உங்கள் முன்னாலேயே உள்ளே நுழையச் செய்து, கடவுச்சொல்லை அவரே மாற்றட்டும். உங்கள் கைத்தொலைபேசியிலிருந்து கந்தோர்க் கணக்கை நீக்குங்கள். இருவரும் ஒப்பமிட்ட பட்டியலின் ஒரு பிரதி உங்கள் கையில் இருக்கட்டும்.

அழிப்பதற்குக் காலம் முடிந்தது மட்டும் காரணமாகாது. 1973ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கத் தேசிய சுவடிகள் சட்டத்தின் கீழ் அரச பதிவேடுகளைத் தன்னிச்சையாக அழிக்க முடியாது, சுவடிகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். அழிக்கக் கருதுகிறவற்றின் கோவை இலக்கம், காலப்பகுதி, விடயம், எண்ணிக்கை ஆகியவற்றைப் பட்டியலிட்டுப் பொறுப்பதிகாரியூடாக அனுப்புங்கள். வழக்கு, கணக்காய்வு, தகவல் விண்ணப்பம் நிலுவையில் உள்ளவற்றைப் பட்டியலில் சேர்க்க வேண்டாம். காணிக் கோவைகளில் உள்ளதையும் சேர்க்காதீர்கள்: யுத்தகாலத்திலும் சுனாமியிலும் உறுதியையும் பேர்மிட்டையும் இழந்த குடும்பங்களுக்கு, கந்தோரில் கிடக்கிற ஒரு பழைய அஞ்சல்தான் சில வேளை மிஞ்சிய ஆதாரம். அனுமதி வந்ததும் கணினியிலும் இரண்டு டிஸ்கிலும் ஒரே நாளில் அழித்து, அனுமதிக் கடிதத்தின் இலக்கத்தைப் பதிவேட்டில் அந்த வரிகளுக்கு எதிரே எழுதுங்கள். பதிவேட்டை அழிக்க வேண்டாம்.